நேர மேலாண்மைப் பட்டறை வேண்டாம்: தமிழ் மாணவர் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். ஆகஸ்ட்டில் புதிய கல்வியாண்டு தொடங்கியதும் முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு மாலைப் பட்டறை நடத்தப் போவதாகவும், ‘வேலையைத் தள்ளிப்போடும் பழக்கத்தை ஒழிப்பது எப்படி?’ என்ற தலைப்பில் நான் வந்து பேச வேண்டும் என்றும் உங்களில் ஓர் அமைப்பினர் கேட்டிருக்கிறீர்கள். இதே தலைப்பு வேறு வளாகங்களிலும் வருடா வருடம் சுற்றி வருகிறது. பேச்சாளர் மட்டும்தான் மாறுகிறார். அதனால் ஒருவருக்கு மட்டும் பதில் போடாமல், சிங்கப்பூரில் உள்ள பல்கலைக்கழகங்களிலும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் இயங்கும் எல்லாத் தமிழ் மாணவர் அமைப்புகளின் புதிய செயற்குழுவினருக்குமாக இதை எழுதுகிறேன்.

வருகிறேன். ஆனால் அந்தத் தலைப்பில் பேச மாட்டேன். ஏன் என்று சொல்லிவிட்டு, அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்றும் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அனுப்பிய சுவரொட்டி மாதிரியில் ஒரு பெரிய கடிகாரமும், சோபாவில் கால் நீட்டித் தூங்கும் ஒரு பையனும் இருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாக டுட்டோரியல் என்னும் சிறு குழு வகுப்பு எடுத்து, பருவத்துக்குப் பருவம் கட்டுரைகளைத் திருத்துகிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: எனக்குத் தெரிந்த தள்ளிப்போடுகிறவர்கள் யாரும் தூங்குவதில்லை. ஒன்பதாம் வாரத்தில் அவர்களுடைய மடிக்கணினியை எட்டிப் பார்த்தால் கோப்பு திறந்திருக்கும். தலைப்பு இருக்கும், பெயர் இருக்கும், எழுத்துரு மூன்று முறை மாற்றப்பட்டிருக்கும். பக்கத்தில் இன்னும் படித்து முடிக்காத ஆய்வுக் கட்டுரைகள் வரிசையாகத் திறந்திருக்கும். “இன்னும் ஒண்ணு மட்டும் படிச்சிட்டா ஆரம்பிச்சிடலாம்” என்பார்கள். மேற்கோள் பட்டியல் அழகாகத் தயாராக இருக்கும், மேற்கோள் காட்டத்தான் ஒரு வரியும் இருக்காது. அதே பிள்ளை குழு வேலையில் மற்றவர்களுடைய ஸ்லைடுகளை இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்து திருத்திக் கொடுத்திருக்கும்.

கால அட்டவணை போடத் தெரியாதவர்களா இவர்கள்? என்னுடையதைவிட நல்ல அட்டவணை வைத்திருக்கிறார்கள். கூகுள் காலண்டரில் பாடத்துக்கு ஒரு வண்ணம். பதிமூன்று வாரப் பருவத்தில் எந்த வாரம் எது வரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். இவர்களைக் கூட்டி வைத்து ‘பெரிய வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரியுங்கள்’ என்று நான் ஒன்றரை மணி நேரம் பேசினால் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். உள்ளுக்குள் ‘இதெல்லாம் தெரிந்தும் என்னால் முடியவில்லையே, அப்படியானால் கோளாறு என்னிடம்தான்’ என்று முடிவு கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். பட்டறைக்கு வந்ததற்கு இதுதான் பலன் என்றால் வராமலே இருந்திருக்கலாம்.

கட்டுரை எழுதப்படாத வரைக்கும் அது நல்ல கட்டுரைதான். எழுதினால்தான் அதில் குறை இருக்கும். அந்தக் குறையை ஒருவர் பார்ப்பார், தரம் போடுவார். அந்தத் தரம் கட்டுரைக்கு மட்டுமானது என்று நினைக்கிற மாணவருக்குச் சிக்கல் இல்லை. தனக்கே போட்ட தரம் என்று எடுத்துக்கொள்கிறவருக்குத்தான் முதல் வரியை எழுதவே கை வராது.

இது என் சொந்தக் கற்பனை இல்லை. 1984இல் லாரா சாலமன், எஸ்தர் ராத்பிளம் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் 342 பேரிடம் கேட்டுப் பார்த்தார்கள். பருவக் கட்டுரை எழுதுவதை எப்போதும் அல்லது அநேகமாக எப்போதும் தள்ளிப்போடுவதாகச் சொன்னவர்கள் 46 சதவீதம். தேர்வுக்குப் படிப்பதில் அந்த அளவு இதைவிடக் குறைவு. காரணங்களை அலசியபோது முக்கியமாக இரண்டு மேலே வந்தன. ஒன்று, அந்த வேலையே பிடிக்காதது. இன்னொன்று, தோல்வி பயம். தன்மேல் மற்றவர்கள் வைத்திருக்கும் எதிர்பார்ப்பு, தான் தனக்கே வைத்துக்கொள்ளும் எட்டாத அளவுகோல், தன்மேல் நம்பிக்கைக் குறைவு எல்லாம் இந்த இரண்டாவதில்தான் ஒன்றாகச் சேர்ந்து கிடந்தன. மாணவர்களிடம் அன்று கேட்டது நேரத்தைப் பற்றி. பதிலில் பயமும் சேர்ந்தே வந்தது.

அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் கவிங்டன் இதைத் தன்மதிப்போடு சேர்த்து விளக்கினார். பள்ளியில் வளரும் பிள்ளை ஒரு கணக்கைக் கற்றுக்கொள்கிறது: நன்றாகச் செய்தால் எனக்குத் திறமை இருக்கிறது, திறமை இருந்தால் நான் மதிப்புள்ளவன். இந்தக் கணக்கு மனதில் ஊறிவிட்டால் கடின உழைப்பே ஆபத்தாகிவிடும். ராப்பகலாக உழைத்தும் மார்க் குறைந்தால் சாக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமிருக்காது, ‘உனக்கு அவ்வளவுதான் சரக்கு’ என்று ஆகிவிடும். உழைக்காமல் தோற்றாலோ திறமை பத்திரமாக இருக்கும். உங்களுக்குத் தெரிந்த வசனம்தான் இது. தேர்வு அறைக்கு வெளியே நின்று “ஐயோ, நான் ஒண்ணுமே படிக்கல லா” என்று சொல்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதில் பாதிப் பேர் பொய் சொல்கிறார்கள். மீதிப் பேர் உண்மையிலேயே படிக்காமல் வந்து அந்த வசனத்தைச் சம்பாதித்திருக்கிறார்கள். “ஒரே ராத்திரியில எழுதினேன், பி பிளஸ் வந்துச்சு” என்பதில் பெருமையும் இருக்கிறது, கேடயமும் இருக்கிறது. நேரம் இருந்திருந்தால் ஏ வாங்கியிருப்பேன் என்ற மீதிப் பாதியை யாரும் பொய்யென்று நிரூபிக்க முடியாது.

1978இல் ஸ்டீவன் பெர்க்லாஸ், எட்வர்ட் ஜோன்ஸ் என்ற இருவர் செய்த சோதனை ஒன்று உண்டு. ஒரு குழுவுக்கு விடையே இல்லாத கேள்விகளைக் கொடுத்து, குத்துமதிப்பாக எதையோ எழுதியவர்களிடம் ‘பிரமாதம், அபார மதிப்பெண்’ என்று சொன்னார்கள். பிறகு இன்னொரு சுற்றுத் தேர்வு, ஆனால் அதற்கு முன் இரண்டு மருந்துகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். ஒன்று மூளையைக் கூர்மையாக்கும், மற்றது மந்தமாக்கும் என்று விளக்கம். தான் எப்படி ஜெயித்தோம் என்றே தெரியாமல் பாராட்டு வாங்கியவர்களில், குறிப்பாக ஆண்களில், நிறையப் பேர் மந்தமாக்கும் மருந்தைக் கேட்டார்கள். காரணம் புரியாத வெற்றி கையில் இருக்கிறது, அதைத் திரும்பச் செய்து காட்ட முடியுமா என்று சந்தேகம். அப்படிப்பட்டவருக்குத் தோல்விக்கு முன்கூட்டியே ஒரு சாக்கு தேவைப்படுகிறது.

இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர்ப் பிள்ளைகள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். தொடக்கப்பள்ளி மூன்றாம் வகுப்பிலிருந்து துணைப்பாட வகுப்பு, வாரத்துக்கு நான்கு இடம், பத்தாண்டு வினாத்தாள் தொகுப்பு இரண்டு தடவை, அப்புறம் நல்ல மதிப்பெண். அது யாருடைய வெற்றி? தன்னுடையதா, டியூஷன் ஆசிரியருடையதா, அப்பா கொட்டிய வெள்ளியினுடையதா என்று அந்தப் பிள்ளைக்கே நிச்சயமில்லை. பல்கலைக்கழகத்தில் ‘உன் கருத்து என்ன, இரண்டாயிரம் சொற்களில் எழுது’ என்று சொல்லி விட்டுவிட்டால், மாதிரி விடை இல்லாத அந்த இடத்தில் கால் நடுங்குகிறது. துணைப்பாட வகுப்பைக் குற்றம் சொல்லவில்லை, நானும் நடத்தியிருக்கிறேன். ஆனால் இந்தச் சந்தேகம் அங்கேதான் விதைக்கப்படுகிறது என்பது என் கணிப்பு.

இன்னொரு சோதனையைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் உங்கள் பட்டறைக்கு வழி அதில்தான் இருக்கிறது. ஜோசஃப் ஃபெராரியும் டயான் டைஸும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஒரு கணக்குத் தேர்வுக்கு முன் மாணவர்களுக்குப் பயிற்சி செய்யக் கொஞ்ச நேரம் கொடுத்தார்கள். அந்த நேரத்தில் வேண்டுமானால் டெட்ரிஸ் போன்ற விளையாட்டுகளையும் ஆடலாம். இது உங்கள் அறிவாற்றலை அளக்கும் தேர்வு என்று சொல்லப்பட்டபோது, தள்ளிப்போடும் பழக்கமுள்ளவர்கள் மற்றவர்களைவிட அதிக நேரத்தை விளையாட்டில் கழித்தார்கள். அதே வேலையை ‘சும்மா ஒரு விளையாட்டுதான்’ என்று சொன்னபோது இரண்டு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. வேலையும் அதேதான், நேரமும் அதேதான், அளக்கப்படுகிறோம் என்ற எண்ணம் மட்டும் போனது. கடிகாரம் போட்ட சுவரொட்டியை நான் ஏன் வேண்டாம் என்கிறேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

சரி, எல்லாம் அப்பழுக்கில்லாமல் இருக்க வேண்டும் என்று நினைக்கும் பர்ஃபெக்‌ஷனிசமே தப்பா என்று கேட்பீர்கள். இதில் ஆய்வாளர்களே ரொம்ப நாள் குழம்பினார்கள். பியர்ஸ் ஸ்டீல் 2007இல் நூற்றுக்கணக்கான ஆய்வு முடிவுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பர்ஃபெக்‌ஷனிசத்துக்கும் தள்ளிப்போடுவதற்கும் பெரிய தொடர்பு இல்லை, அவசர புத்தியும் தன்னால் முடியும் என்ற நம்பிக்கைக் குறைவும்தான் வலுவான காரணங்கள் என்றார். அப்படியானால் நான் இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் வீணா? இல்லை. பர்ஃபெக்‌ஷனிசம் என்று ஒரே பெயரில் இரண்டு சரக்கு கலந்து கிடந்ததுதான் சிக்கல். ஃபுஷியா சிராய் குழுவினர் 2017இல் இரண்டையும் பிரித்துப் பார்த்தார்கள். உயர்ந்த இலக்கு வைத்து உழைக்கிறவர்கள் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். தப்பு வந்துவிடுமோ, மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்று கவலைப்படுகிறவர்கள் அதிகம் தள்ளிப்போட்டார்கள். எதிர் எதிராக இழுப்பவை என்பதால் கூட்டிப் பார்க்கும்போது ஒன்றை ஒன்று கழித்துக்கொண்டுவிடுகின்றன.

அதனால் உங்கள் ஜூனியர்களிடம் ‘தரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்’ என்று யாரும் சொல்ல வேண்டாம். அது கேட்கவே அவமானமாக இருக்கும், தவிர உண்மையும் இல்லை. அதே சமயம் ‘என் பலவீனம் என்னன்னா, நான் ஒரு பர்ஃபெக்‌ஷனிஸ்ட்’ என்று வேலை நேர்காணலில் சொல்லும் அந்தப் பிரபலமான பதிலையும் சொல்லிக்கொடுக்காதீர்கள். அந்தப் பதிலைக் கேட்டு யாரும் வேலை கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அந்தக் கவலை யாரிடமிருந்து வருகிறது என்பது அடுத்த கேள்வி. கனடாவில் பால் ஹியூவிட், கோர்டன் ஃபிளெட் இருவரும் 1991இல் பர்ஃபெக்‌ஷனிசத்தை மூன்றாகப் பிரித்தார்கள்: நான் என்னிடம் குறையின்மையை எதிர்பார்ப்பது, நான் பிறரிடம் எதிர்பார்ப்பது, பிறர் என்னிடம் எதிர்பார்க்கிறார்கள் என்று நான் நம்புவது. மறு ஆண்டே ஃபிளெட் குழுவினர் கல்லூரி மாணவர்களை ஆராய்ந்தபோது, தள்ளிப்போடுவதோடு அதிகம் ஒட்டி நின்றது மூன்றாவது. நாலு பேர் என்ன நினைப்பாங்க என்பதுதான் அது. ஆண்களிடம் அந்தத் தொடர்பு கூடுதலாக இருந்தது. தேசிய சேவையில் இரண்டு வருடம் கழித்துவிட்டு, படித்த கணக்கெல்லாம் மறந்துபோய், தன்னைவிடச் சின்னப் பெண்களோடு முதலாண்டு வகுப்பில் உட்காரும் தம்பிகள் டுட்டோரியலில் வாயே திறக்காததைப் பார்க்கிற எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

நம் நாலு பேர் கொஞ்சம் அதிகம். இப்போது உங்களோடு படிப்பவர்களில் பெரும்பாலோர் பழைய டி-ஸ்கோர் முறையில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதியவர்கள். பன்னிரண்டு வயதில் வாங்கிய அந்த எண்ணிக்கை, நாடு முழுக்க மற்றப் பிள்ளைகள் எப்படிச் செய்தார்கள் என்பதை வைத்துக் கணக்கிடப்பட்டது. 2021இல்தான் அது மாறியது. தொடக்கநிலை ஒன்று, இரண்டு வகுப்புகளுக்கு மதிப்பெண் கணக்கிடும் தேர்வுகள் 2019இல் போயின, அரையாண்டுத் தேர்வுகள் 2023க்குள் தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளி வகுப்புகள் எல்லாவற்றிலும் போயின. கல்வி அமைச்சு ஒவ்வொரு கல்லாக எடுத்துப் போட்டுக்கொண்டுதான் வருகிறது. பல நாட்டு மாணவர்களை ஒப்பிடும் பீசா என்ற ஆய்வில், 2015ஆம் ஆண்டு, நம் பதினைந்து வயதுப் பிள்ளைகளில் 86 சதவீதம் பேர் மோசமான மதிப்பெண் வந்துவிடுமோ என்று கவலைப்படுவதாகச் சொன்னார்கள், ஓஇசிடி என்ற பொருளாதார அமைப்பின் உறுப்பு நாடுகளின் சராசரி 66. நன்றாகத் தயார் செய்திருந்தாலும் தேர்வு என்றால் பதற்றம் என்று சொன்னவர்கள் 76 சதவீதம், சராசரியோ 55. நல்ல பள்ளி, நல்ல ஆசிரியர், உலகின் முன்னணி மதிப்பெண்கள், இத்தனைக்கும் நடுவில் இந்தப் பதற்றம்.

விதிமுறை மாறினாலும் வீட்டுக்கூடம் உடனே மாறுவதில்லை. தீபாவளிக்கு வரும் பெரியப்பா முறுக்கைக் கடித்துக்கொண்டே “என்னம்மா, ஃபர்ஸ்ட் கிளாஸ் வந்துருமா?” என்று கேட்பார். அவர் அன்பாகத்தான் கேட்கிறார், அதுதான் கஷ்டம். போதாததற்கு, டுட்டோரியல் அறையில் பல நேரம் நம்மவர் ஒருவராகவோ இருவராகவோதான் இருப்பார்கள். நான் தப்பாகப் பேசினால் எல்லாத் தமிழருக்கும் சேர்த்து மார்க் குறையும் என்ற பாரம் யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே தோளில் ஏறிக்கொள்கிறது. எல்லாருக்கும் அப்படி என்று சொல்லமாட்டேன். ஆனால் என்னிடம் தனியாகப் பேச வந்தவர்கள் இதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிடுகிறது.

இது சிங்கப்பூருக்கு மட்டும் உள்ளது என்றும் நினைக்காதீர்கள். தாமஸ் கரன், ஆண்ட்ரூ ஹில் இருவரும் அமெரிக்க, கனடிய, பிரிட்டிஷ் கல்லூரி மாணவர்கள் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 1989 முதல் 2016 வரை திரட்டப்பட்ட விவரங்களை ஒப்பிட்டபோது, பர்ஃபெக்‌ஷனிசத்தின் அந்த மூன்று வகைகளும் ஏறியிருந்தன. அதிகமாக ஏறியது அந்த நாலு பேர் வகைதான்.

தள்ளிப்போடுகிற எல்லாருக்கும் இதே கதைதான் என்று நான் சொல்ல வரவில்லை. சிலருக்குக் கைத்தொலைபேசிதான் பிரச்சினை. சிலர் வாரத்தில் பாதி நாள் கடையில் பகுதிநேர வேலை செய்துவிட்டுக் களைத்து வருகிறார்கள். சிலருக்குக் கவனச்சிதறல் குறைபாடோ மனச்சோர்வோ இருக்கலாம், அது பட்டறையில் தீராது. அவர்களுக்கு வளாகத்தின் ஆலோசனை நிலையத்தையோ, 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணையோ காட்டிவிடுங்கள். அது போதும், நீங்கள் மருத்துவராக வேண்டாம்.

ஆனால் ஒரு விஷயம் மட்டும் எல்லா வகையிலும் பொதுவாக இருப்பதைப் பார்க்கிறேன். தாமதம் வளர வளர, கொடுக்கப்போகும் வேலையின் தரமும் கற்பனையில் வளர்ந்துகொண்டே போகிறது. எனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே அனுப்பினால் இரண்டு வரி போதும். ஒரு வாரம் ஆகிவிட்டால் மன்னிப்பு சேர்க்க வேண்டும். மூன்று வாரம் ஆகிவிட்டால் அந்தத் தாமதத்துக்கு ஈடான ஒரு காவியம் எழுத வேண்டியிருக்கும், அதை எழுதத் தெம்பு இருக்காது, அதனால் நான் வரும் வழியில் வராமல் வேறு படிக்கட்டில் இறங்கிப் போவார்கள். கட்டுரையும் அப்படித்தான். மூன்றாம் வாரத்தில் எழுதினால் சுமாராக இருக்கலாம். பதினொன்றாம் வாரம் வரை காத்த பிறகு சுமாராக இருக்க அதற்கு உரிமை இல்லை. ‘இத்தனை நாள் கழித்து இதுதானா?’ என்று நான் கேட்பேன் என்று நினைக்கிறார்கள். நான் எத்தனை நாளில் எழுதினார்கள் என்றே பார்ப்பதில்லை. என் மேசையில் அது இன்னொரு கட்டுரை, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் மைக்கேல் வோல், டிமத்தி பிச்சில், ஷானன் பென்னட் மூவரும் 2010இல் வெளியிட்ட ஒரு சின்ன ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். கனடாவில் முதலாண்டு மாணவர்கள் 119 பேரை இரண்டு இடைத்தேர்வுகளுக்கு முன்னால் கேட்டார்கள். முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டதற்காகத் தன்னைத் தானே மன்னித்துக்கொண்டவர்கள், இரண்டாவது தேர்வுக்கு முன் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். தன்னைத் திட்டித் தீர்த்தவர்களுக்கு அது நடக்கவில்லை. நம் வீடுகளில் இதற்கு நேரெதிராகத்தான் சொல்லி வளர்க்கிறார்கள்: கொஞ்சமாவது வெட்கப்படு, அப்போதுதான் உறைக்கும் என்று. வெட்கப்படுகிற பிள்ளைக்கு அந்தக் கோப்பைத் திறப்பதே வலி. வலியிலிருந்து தப்பிக்க அது இன்னொரு நாள் தள்ளிப்போடுகிறது.

இனி உங்கள் வீட்டுக்குள் வருகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தப் பழக்கத்தை வளர்ப்பதில் தமிழ் அமைப்புகளுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

உங்கள் ஆண்டு மலருக்கு ஏன் கட்டுரைகள் வருவதில்லை? கேட்டால் ‘இளையர்களுக்குத் தமிழில் ஆர்வமில்லை’ என்று ஒரு தயார் பதில் இருக்கிறது. என்னிடம் ‘எழுதி வெச்சிருக்கேன் அக்கா, இன்னும் கொஞ்சம் திருத்திட்டு அனுப்புறேன்’ என்று சொன்ன பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்கள் கைபேசியில் கவிதை கிடக்கிறது. சந்திப்பிழை இருக்குமோ என்று பயந்து அனுப்பாமல் கடைசித் தேதி போய்விடுகிறது. வீட்டில் ஆங்கிலம் பேசி வளர்ந்த பிள்ளை மேடையில் ஒரு ழகரத்தைத் தவறவிட்டதற்கு, போட்டி முடிந்ததும் ஒலிவாங்கியிலேயே அதைச் சுட்டிக்காட்டிய நடுவரை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை அடுத்த ஏப்ரல் தமிழ்மொழி விழாவில் தன்னார்வலராக நாற்காலி போட்டது, மேடை ஏறவில்லை. நல்ல தமிழ் வேண்டும்தான். அதை முதல் வரைவிலேயே கேட்டால் வரைவே வராது.

உங்கள் சமூக ஊடகப் பக்கத்தையும் ஒரு முறை முதலாண்டு மாணவர் கண்ணால் பாருங்கள். ‘சீனியர்களைச் சந்திப்போம்’ தொடரில் எல்லாருக்கும் முதல் வகுப்பு, எல்லாருக்கும் வெளிநாட்டுப் பரிமாற்றத் திட்டம், எல்லாரும் கோட் போட்டுச் சிரிக்கிறார்கள். ஒருவருக்காவது ஒரு பாடம் கவிழ்ந்திருக்க வேண்டுமே? கவிழ்ந்திருக்கிறது, எனக்கே தெரியும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2014இலேயே முதலாண்டு மாணவர்களின் முதல் பருவத் தரங்களை மொத்தக் கணக்கில் சேர்க்காமல் விடும் வசதியைக் கொண்டுவந்தது, பயமில்லாமல் புதியதைப் படித்துப் பார்க்கட்டும் என்றுதான். எந்தப் பாடத்தின் தரத்தை மறைப்பது என்று கணக்குப் போட்டு, அதிலும் தப்புப் பண்ணக் கூடாது என்று பதறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வசதி செய்து கொடுத்தால் மட்டும் போதாது, நாலு பேரும் கொஞ்சம் மாற வேண்டும். முதலாண்டு மாணவருக்கு அந்த நாலு பேர் நீங்கள்தான்.

ஆகவே என் வேண்டுகோள் இது. பட்டறையை ஆகஸ்ட் முதல் வாரத்தில் வைக்காதீர்கள், அப்போது யாருக்கும் பயம் பிடித்திருக்காது. நான்காம் அல்லது ஐந்தாம் வாரம் வையுங்கள், கட்டுரைத் தலைப்புகள் கையில் வந்திருக்கும், இடைவேளை வாரம் இன்னும் வந்திருக்காது. வருகிறவர்கள் எந்தப் பாடமாக இருந்தாலும் அரைகுறையாக எழுதிய அரைப் பக்கத்தோடு வர வேண்டும். ஒன்றும் எழுதாதவர்கள் அங்கேயே உட்கார்ந்து இருபது நிமிடத்தில் மோசமாக ஒரு பத்தி எழுதட்டும். மோசமாக என்பதை அழுத்திச் சொல்லுங்கள். அப்புறம் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து, ‘இதில் நீ என்ன சொல்ல வருகிறாய் என்று எனக்கு இப்படிப் புரிந்தது’ என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். நல்லா இருக்கு, நல்லா இல்லை என்ற இரண்டும் அன்றைக்குக் கிடையாது. பாராட்டும் தீர்ப்புதான், ஃபெராரியும் டைஸும் எடுத்துவிட்ட அந்த அளவுகோலைப் பாராட்டு திரும்பக் கொண்டுவந்து வைத்துவிடும்.

இது நடக்க வேண்டுமானால் முதலில் சீனியர்கள் காட்ட வேண்டும். முதல் வகுப்பு வாங்கிய உங்கள் தலைவர் தன் இறுதியாண்டு ஆய்வேட்டின் முதல் வரைவைத் திரையில் போடட்டும், மேற்பார்வையாளர் சிவப்பில் கிறுக்கியதோடு. முதலாண்டுப் பிள்ளைகள் முடிந்த வேலையை மட்டுமே பார்த்து வளர்ந்தவர்கள். அது எவ்வளவு அசிங்கமாகத் தொடங்கியது என்று யாரும் அவர்களுக்குக் காட்டியதில்லை. சங்கடமாக இருக்கும் என்றால் நானே முதலில் என்னுடையதைப் போடுகிறேன், போதுமான அசிங்கம் என்னிடம் இருக்கிறது.

மலருக்கும் இதையே செய்து பாருங்கள். இறுதித் தேதிக்கு முன்னால் ‘திருத்தாத பிரதி’களுக்கு என்று ஒரு தேதி வையுங்கள். சந்தியையும் ஒற்றையும் ஆசிரியர் குழு பார்த்துக்கொள்ளும் என்று அறிவிப்பிலேயே எழுதுங்கள். பேச்சுப் போட்டி நடுவர்களிடம் உச்சரிப்புக் குறிப்புகளைத் தனியாகத் தாளில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், ஒலிவாங்கியில் வேண்டாம்.

ஒரு மாலையில் யாருடைய தன்மதிப்பும் மாறிவிடாது, அந்த வாக்குறுதியைச் சுவரொட்டியில் போடாதீர்கள். ஐந்தாம் வாரத்தில் அரைப் பக்கம் இருந்தால் ஒன்பதாம் வாரத்தில் வெற்றுக் கோப்பு இருக்காது. அவ்வளவுதான் நான் உத்தரவாதம் தர முடியும்.

சுவரொட்டியில் அந்தத் தூங்கும் பையனை எடுத்துவிட்டு மறுபடி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். புதன் மாலை எனக்கு வகுப்பு உண்டு, மற்ற நாட்கள் சரி. விரிவுரை மண்டபம் வேண்டாம், மேசைகளை நகர்த்த முடிகிற டுட்டோரியல் அறை பதிவு செய்யுங்கள். பேச்சாளருக்கு நினைவுப் பரிசு, பொன்னாடை எதுவும் வேண்டாம். அந்தக் காசில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு சொல்லிவிடுங்கள், சைவத்துக்குத் தனியாக.

அன்புடன்,
உங்கள் டுட்டோரியல் அக்கா